பின்னணிச் சேவைகளின் தானியங்கி மறுதொடக்கம்

பின்னணிச் சேவைகளின் தானியங்கி மறுதொடக்கம் என்பது, சர்வர் எனப்படும் வழங்கிக் கணினியில் இடைவிடாமல் ஓட வேண்டிய மென்பொருள் சேவைகளைக் கண்காணித்து, அவற்றுள் ஒன்று பழுதாகி நின்றால் மனிதர் தலையீடு இன்றி அதை மீண்டும் ஓடச் செய்யும் முறை ஆகும். கண்காணித்தல், நின்றதை உறுதி செய்தல், மீண்டும் தொடங்குதல், தொடங்க முடியாதபோது பொறுப்பாளருக்குத் தெரிவித்தல் ஆகிய நான்கும் இம்முறையின் பகுதிகள். முதல் மூன்றை மட்டும் செய்துவிட்டு நான்காவதை விட்டுவிடுவது பரவலாகக் காணப்படும் குறை.

பின்னணிச் சேவை

கணினியில் ஓடும் நிரல்கள் இரு வகைப்படும். பயனர் திறந்து, பயன்படுத்தி, மூடுபவை ஒரு வகை. யாரும் திறக்காமல், திரையில் எதுவும் காட்டாமல், கணினி இயங்கும் வரை பின்னணியில் ஓடிக்கொண்டே இருப்பவை மற்றொரு வகை. இரண்டாம் வகையையே யூனிக்ஸ், லினக்ஸ் அமைப்புகளில் டீமன் என்றும், விண்டோஸில் சர்வீஸ் என்றும் அழைப்பர். இணையப் பக்கங்களை வழங்கும் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், தரவுத்தளங்களான மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் போன்றவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

பொள்ளாச்சியில் ஒரு கொப்பரை வணிகரின் கிடங்கை எண்ணிப் பார்க்கலாம். எடை மேடை, பில் போடும் கணினி, கணக்கர் மேசை எல்லாம் ஒரே வழங்கியில் உள்ள தரவுத்தளத்தை நம்பியிருக்கும். அந்தச் சேவை இரவு 2 மணிக்கு நின்றால் யாருக்கும் தெரியாது. காலை 6 மணிக்கு லாரியில் மூட்டை ஏற்றி, பில் போட உட்காரும்போதுதான் தெரியும். அதற்குள் நான்கு மணி நேரம் போயிருக்கும். கணினி தெரிந்தவர் வந்து சேர இன்னும் சில மணி நேரம் ஆகும். இந்த இடைவெளியைச் சில நொடிகளாகக் குறைப்பதே தானியங்கி மறுதொடக்கத்தின் நோக்கம்.

சேவைகள் நிற்பதற்கான காரணங்கள்

சேவை நிற்பதற்கான காரணங்களை, மறுதொடக்கத்தால் தீருபவை, தீராதவை என்று பிரித்துப் பார்ப்பது பயன் தரும்.

தீருபவை: அரிதாக நேரும் நினைவகப் பிழை, இரண்டு வேலைகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து முடங்கிப் போதல், சிறிது சிறிதாக நினைவகம் கசிந்து நிரம்புதல், வலையமைப்பு சிறிது நேரம் துண்டிக்கப்படுதல் முதலியன. நினைவகம் தீர்ந்துபோகும்போது லினக்ஸ் கெர்னலே ஒரு நிரலைத் தேர்ந்து கொன்றுவிடும். பெரும்பாலும் அதிக நினைவகம் பிடித்திருக்கும் தரவுத்தளமே அதற்கு இரையாகும்.

தீராதவை: வட்டு நிரம்பிவிடுதல், அமைவுக் கோப்பில் எழுத்துப்பிழை, கடவுச்சொல் மாற்றம், சான்றிதழ் காலாவதி, சிதைந்த தரவுக் கோப்பு முதலியன. இவற்றில் எத்தனை முறை தொடங்கினாலும் சேவை அதே இடத்தில் மீண்டும் விழும்.

மென்பொருள் துறையில் முதல் வகைப் பிழைகளை ஹைசன்பக் என்றும், மாறாமல் அதே நிலையில் தோன்றும் இரண்டாம் வகையை போர்பக் என்றும் சொல்வதுண்டு. டேண்டம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் கிரே, கணினிகள் ஏன் நிற்கின்றன என்பது பற்றி 1985-இல் எழுதிய அறிக்கையில் இந்தப் பாகுபாட்டைப் பயன்படுத்தினார். நன்கு சோதிக்கப்பட்டுப் பயன்பாட்டுக்கு வந்த மென்பொருளில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் முதல் வகையே என்பது அவர் கருத்து. மறுதொடக்கம் பல நேரங்களில் பலன் தருவதற்கான அடிப்படைக் காரணம் இதுவே.

மோட்டார் ஸ்டார்ட்டருடன் ஒப்பீடு

கொங்கு நாட்டில் இந்தத் தத்துவம் கணினிக்கு முன்பே தோட்டத்து மோட்டார் அறைக்கு வந்துவிட்டது. பைக்காரா நீர்மின் நிலையம் 1930-களில் மின்சாரம் தரத் தொடங்கிய பின் கோவை வட்டாரத்தில் ஆலைகளும் மின்மோட்டார்களும் பெருகின. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் மின்மோட்டார் என்று குறிப்பிடப்படுவது, 1937-இல் ஜி. டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு ஆகியோர் கோவையில் செய்ததாகும். பின்னர் பம்பு உற்பத்தியில் நாட்டின் முதன்மையான நகரங்களுள் ஒன்றாகக் கோவை வளர்ந்தது.

மும்முனை மோட்டாரின் சாதாரண ஸ்டார்ட்டரில் ஒரு காயில் உண்டு. பச்சைப் பொத்தானை அழுத்தினால் காயில் காந்தமாகி, தொடுமுனைகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் போனால் பிடி விட்டுவிடும். மின்சாரம் திரும்பி வந்தாலும் யாராவது பொத்தானை அழுத்தும் வரை மோட்டார் ஓடாது. இது குறையன்று, வேண்டுமென்றே செய்யப்பட்ட பாதுகாப்பு. மின்சாரம் இல்லாத நேரத்தில் ஒருவர் பம்பைக் கழற்றிக்கொண்டிருக்கலாம். அப்போது மோட்டார் தானாகத் திரும்பினால் கை போகும், உயிரும் போகும்.

ஆனால் மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும்போது ஒவ்வொரு முறையும் தென்னந்தோப்புக்குள் நடந்துபோய்ப் பொத்தானை அழுத்துவது சிரமம். பாம்பு, பன்றி பயம் வேறு. அதற்காகவே ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்தது. மின்சாரம் திரும்பியதும் அது தானாகவே மோட்டாரை ஓட்டிவிடும். அதோடு சேர்ந்து வேறு சில காவல்களும் தேவைப்பட்டன:

ஒன்று, சிங்கிள் பேஸ் பிரிவென்டர். மூன்று முனைகளில் ஒன்று இல்லாவிட்டால் மீதமுள்ள இரண்டில் மின்னோட்டம் கூடிக் காயில் கருகும். எனவே மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே தொடங்க விடும்.

இரண்டு, டைமர். மின்சாரம் வந்த நொடியில் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள எல்லா மோட்டார்களும் சேர்ந்து புறப்பட்டால் தாங்காது. நேரடியாகத் தொடங்கும் மோட்டார் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கும். எனவே ஒவ்வொன்றும் சில நொடிகள் முன்பின்னாகத் தொடங்குவது நல்லது.

மூன்று, தண்ணீர் இல்லாமல் ஓடுவதைத் தடுக்கும் டிரை ரன் காவல். போரில் தண்ணீர் வற்றினால் நிறுத்தி, ஊறுவதற்கு நேரம் கொடுத்து, பிறகு மீண்டும் முயலும்.

நான்கு, ஓவர்லோடு ரிலே. இது விழுந்தால், என்ன கோளாறு என்று பார்த்துவிட்டுக் கையால் தள்ளிவிடும்படியே பெரும்பாலும் வைக்கப்படும்.

ஐந்து, மொபைல் ஸ்டார்ட்டர். மோட்டார் நின்றதையும் அதன் காரணத்தையும் தோட்டக்காரரின் கைப்பேசிக்குத் தெரிவிக்கும். இத்தகைய கருவிகளுக்குத் தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை மானியமும் வழங்கியிருக்கிறது.

கணினிச் சேவையின் மறுதொடக்க விதிகளில் இந்த ஐந்துக்கும் இணையானவை உண்டு. தொடங்குமுன் நிபந்தனை சரிபார்த்தல், முன்பின்னாகத் தொடங்குதல், இடைவெளி விட்டு முயலுதல், ஓர் அளவுக்கு மேல் கைவிடுதல், ஆளுக்குத் தெரிவித்தல் என்பன அவை. இவற்றுள் ஒன்றும் இல்லாமல் வெறும் ஆட்டோ ஸ்டார்ட்டரை மட்டும் மாட்டிய மோட்டாரின் கதி என்ன என்பதைக் காயில் கட்டும் பட்டறைகளில் கேட்டால் சொல்வார்கள்.

வரலாறு

யூனிக்ஸ் அமைப்பில் கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல் இனிட் எனப்படும். 1983-இல் வெளிவந்த யூனிக்ஸ் சிஸ்டம் 5 வகையில் இதற்கான அட்டவணைக் கோப்பில் ‘ரீஸ்பான்’ என்று குறித்தால், அந்த நிரல் நின்றதும் இனிட் அதை மீண்டும் தொடங்கும். லினக்ஸுக்கு எழுதப்பட்ட வடிவத்தில், ஒரு நிரல் 2 நிமிடங்களில் 10 முறைக்கு மேல் விழுந்து எழுந்தால் இனிட் அதை 5 நிமிடங்களுக்கு ஒதுக்கி வைக்கும். இடைவிடாத மறுதொடக்கம் கணினியையே முடக்கிவிடும் என்பது அப்போதே உணரப்பட்டிருந்தது. எனினும் நடைமுறையில் பெரும்பாலான சேவைகள் இந்த வசதியைப் பயன்படுத்தாமல், கணினி தொடங்கும்போது ஒரு முறை ஓடும் ஸ்கிரிப்டுகளால் தொடங்கப்பட்டன. அவை நின்றால் நின்றவையே.

தொலைபேசித் துறையில் வேறொரு வழி உருவானது. எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் உடன் பணியாற்றியோரும் 1980-களின் பிற்பகுதியில் எர்லாங் மொழியை உருவாக்கினர். ஒவ்வொரு வேலையையும் சிறு செயல்முறையாகப் பிரித்து, அது பிழைபட்டால் விழவிட்டு, அதற்கு மேலுள்ள கண்காணிப்பாளர் புதிதாகத் தொடங்குவது அதன் வழக்கம். குறித்த நேரத்துக்குள் குறித்த எண்ணிக்கைக்கு மேல் விழுந்தால் கண்காணிப்பாளரும் ஓய்ந்து, பொறுப்பைத் தனக்கு மேலுள்ளவரிடம் ஒப்படைக்கும்.

டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய டீமன்டூல்ஸ், 2000-ஐ ஒட்டி யூனிக்ஸ் நிர்வாகிகளிடையே பரவியது. பின்னர் மோனிட், ரன்இட், சூப்பர்வைசர் ஆகியவை வந்தன. விண்டோஸ் 2000 முதல் ஒவ்வொரு சேவைக்கும் முதல் தோல்வி, இரண்டாம் தோல்வி, அடுத்தடுத்த தோல்விகள் என்று தனித்தனியாக நடவடிக்கை குறிக்கும் வசதி உண்டு. லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட சிஸ்டம்டி, 2015-இல் டெபியன் 8, உபுண்டு 15.04 ஆகியவற்றின் இயல்பான தொடக்க அமைப்பானது. இன்று பெரும்பாலான லினக்ஸ் வழங்கிகளில் உள்ளது இதுவே.

கண்காணிக்கும் முறைகள்

தாய்ச் செயல்முறை வழி: லினக்ஸில் ஒரு செயல்முறை முடிந்தால் அதைத் தொடங்கிய தாய்ச் செயல்முறைக்குக் கெர்னல் உடனே அறிவிக்கும்; எப்படி முடிந்தது என்ற குறியீட்டையும் தரும். குறியீடு சுழியம் என்றால் இயல்பான முடிவு, மற்றவை பிழை. இதில் ஊகத்துக்கு இடமில்லை, தாமதமும் இல்லை. டீமன்டூல்ஸ், சிஸ்டம்டி ஆகியவை இவ்வழியில் செயல்படுபவை. இதற்கு முன் இருந்த வழக்கத்தில் சேவையின் எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைத்து, அந்த எண் உயிருடன் உள்ளதா என்று பார்ப்பர். சேவை இறந்தபின் அதே எண் வேறொரு நிரலுக்குக் கிடைத்துவிட்டால் இந்தச் சோதனை ஏமாறும்.

கேட்டுப் பார்க்கும் வழி: செயல்முறை உயிருடன் இருந்தும் வேலை செய்யாமல் இருக்கலாம். மோட்டார் ஓடுகிறது, தொட்டியில் தண்ணீர் விழவில்லை என்பது போன்ற நிலை இது. எனவே உண்மையான ஒரு கோரிக்கையை அனுப்பிப் பதில் வருகிறதா என்று குறித்த இடைவெளியில் பார்க்க வேண்டும். மோனிட் இவ்வழியில் செயல்படும். குபெர்னெட்டிஸ் அமைப்பில் உயிர்ச் சோதனை, ஆயத்தச் சோதனை என இரண்டு உண்டு. முதலாவது தவறினால் சேவை மீண்டும் தொடங்கப்படும். இரண்டாவது தவறினால் சேவையைத் தொடாமல், அதற்குக் கோரிக்கை அனுப்புவது மட்டும் நிறுத்தப்படும்.

நாடித்துடிப்பு வழி: சேவையே குறித்த நேரத்துக்கு ஒரு முறை ‘இருக்கிறேன்’ என்று கண்காணிப்பாளருக்குச் சொல்லும். சொல்லத் தவறினால் முடங்கியதாகக் கொள்ளப்படும். வகுப்பில் ஆஜர் எடுப்பது கேட்டுப் பார்க்கும் வழி என்றால், மாணவரே வந்து கையெழுத்திடுவது இந்த வழி.

வன்பொருள் காவல்: கண்காணிப்பாளரே முடங்கினால் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு விடை இது. வாட்ச்டாக் எனப்படும் தனி மின்சுற்று ஒன்று எண்ணிக்கொண்டே இருக்கும். இயங்குதளம் அவ்வப்போது அதை மீட்டமைக்காவிட்டால், கணினியையே அணைத்து எழுப்பிவிடும்.

மறுதொடக்க விதிகள்: சிஸ்டம்டி எடுத்துக்காட்டு

சிஸ்டம்டியில் ஒவ்வொரு சேவைக்கும் ஓர் அலகுக் கோப்பு உண்டு. அதில் ‘ரீஸ்டார்ட்’ என்ற வரியே மறுதொடக்கத்தை முடிவு செய்கிறது. எதுவும் எழுதாவிட்டால் அதன் இயல்பு மதிப்பு ‘நோ’. அதாவது சேவை விழுந்தால் விழுந்ததே. பச்சைப் பொத்தானை ஆள்தான் அழுத்த வேண்டும். நிறுவிய மென்பொருள் தானாக எழும் என்று நம்பி இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். சில மென்பொருள் பொதிகள் தம் அலகுக் கோப்பிலேயே மாற்றி வைத்திருக்கும், சில வைத்திருக்காது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதே வழி.

‘ஆன்-ஃபெயிலியர்’ என்று குறித்தால் பிழையுடன் நின்றால் மட்டும் எழுப்பும். ‘ஆல்வேஸ்’ என்றால் இயல்பாக முடிந்தாலும் எழுப்பும். இரண்டிலும், நிர்வாகி கட்டளை கொடுத்து நிறுத்திய சேவையை அது எழுப்பாது. பழுது பார்ப்பவரின் கை பம்புக்குள் இருக்கலாம் என்ற அதே எச்சரிக்கை இங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது.

அடுத்து இரண்டு எண்கள் முக்கியமானவை. நின்றதற்கும் எழுப்புவதற்கும் இடையேயான காத்திருப்பு, இயல்பாக 100 மில்லி நொடி. தொடக்க வரம்பு, இயல்பாக 10 நொடிகளில் 5 முறை. தொடங்கியதும் விழும் சேவை ஒன்று இந்த இயல்பு மதிப்புகளில் ஒரு சில நொடிகளிலேயே ஐந்து வாய்ப்புகளையும் தீர்த்துவிட்டு, ‘தோல்வி’ நிலையில் நின்றுவிடும். வலையமைப்பு அரை நிமிடம் துண்டிக்கப்பட்டாலே இது நேரலாம்.

அதைத் தவிர்க்கக் காத்திருப்பை 5 நொடியாக்குவது வழக்கம். இங்கே கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 5 நொடிக்கு ஒரு முறை தொடங்கினால் 10 நொடிகளுக்குள் 5 முறை என்ற எண்ணிக்கை ஒருபோதும் எட்டப்படாது. வரம்பு இருந்தும் இல்லாததாகி, சேவை நாள் முழுவதும் விழுந்து எழுந்துகொண்டிருக்கும். எனவே காத்திருப்பை மாற்றும்போது வரம்பின் கால அளவையும் சேர்த்து மாற்ற வேண்டும். எடுத்துக்காட்டாக, 5 நொடிக் காத்திருப்புக்கு 300 நொடிகளில் 5 முறை என்ற வரம்பு பொருந்தும்.

காத்திருப்பைப் படிப்படியாகக் கூட்டுவது இதைவிடச் சிறந்த முறை. குபெர்னெட்டிஸ் 10, 20, 40 நொடி என்று இரட்டிப்பாக்கி, 5 நிமிடம் வரை போகும். சேவை 10 நிமிடம் நிலையாக ஓடிவிட்டால் கணக்கை முதலிலிருந்து தொடங்கும். 2023-இல் வந்த சிஸ்டம்டி 254-ஆம் பதிப்பிலும் படிப்படியாகக் கூட்டும் வசதி சேர்க்கப்பட்டது.

மறுதொடக்கம் காப்பாற்றியதும் காப்பாற்றாததும்

மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் 1997 ஜூலை 4-இல் செவ்வாயில் இறங்கியது. சில நாள்களில் அதன் கணினி தானாக மறுதொடக்கம் ஆகத் தொடங்கியது. முன்னுரிமை மிக்க ஒரு வேலை, முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி பிடித்து வைத்திருந்த பூட்டுக்காகக் காத்திருந்தது. இடைநிலை வேலை ஒன்று குறுக்கே புகுந்து வானிலைப் பணியை ஓடவிடாமல் செய்தது. முதன்மையான வேலை உரிய நேரத்தில் முடியாததைக் கண்ட காவல் அமைப்பு கணினியை மீண்டும் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று; ஆனால் கலம் பிழைத்தது. பொறியாளர்கள் மறுதொடக்கத்தோடு நிறைவடையவில்லை. பூமியில் இருந்த மாதிரிக் கணினியில் அதே நிலையை உண்டாக்கி, காரணத்தைக் கண்டு, திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினர்.

மறுதொடக்கம் நடக்காமல் போனதன் விளைவுக்கு 1991 பிப்ரவரி 25 சான்று. சவுதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு 100 மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நேரக் கணக்கில் சேர்ந்துவந்த சிறு பிழை மூன்றில் ஒரு நொடியளவாகப் பெருகி, வந்த ஏவுகணையைத் தவறான இடத்தில் தேட வைத்தது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தனர். நெடுநேரம் ஓடவிட வேண்டாம் என்ற அறிவுறுத்தல் முன்பே போயிருந்தது. எத்தனை மணி நேரம் என்பது அதில் இல்லை. திருத்தப்பட்ட மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

பழுது நேருமுன்பே திட்டமிட்டு மறுதொடக்கம் செய்வது மென்பொருள் புத்துயிர்ப்பு எனப்படும். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த சந்திரா கிந்தலா உள்ளிட்டோர் 1995-இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர்.

ஆபத்துகள்

தானியங்கி மறுதொடக்கம் பழுதை மறைக்கக்கூடும். நாளுக்கு இருபது முறை விழுந்து எழும் சேவை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நன்றாக ஓடுவதாகவே தோன்றும். நினைவகக் கசிவோ, வட்டின் தேய்மானமோ கவனிக்கப்படாமல் முற்றும்.

தரவுத்தளங்களில் கூடுதல் கவனம் தேவை. ஒவ்வொரு முறை திடீரென நின்ற பின்னும் தரவுத்தளம் தன் பதிவேட்டைப் படித்து, முடியாத பரிமாற்றங்களைச் சரிசெய்யும். இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். அது முடியுமுன் ‘பதில் இல்லை’ என்று கண்காணிப்பாளர் மீண்டும் கொன்றால், சரிசெய்தல் ஒருபோதும் முடியாது. எனவே தொடங்குவதற்கான கால அவகாசத்தைத் தாராளமாக வைக்க வேண்டும்.

ஒரே வேலை இருமுறை நடப்பதும் உண்டு. பணம் செலுத்தும் கோரிக்கையை அனுப்பிவிட்டு, அனுப்பியதைக் குறித்துக்கொள்ளுமுன் சேவை விழுந்தால், எழுந்தபின் அதே கோரிக்கை மீண்டும் போகலாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, ஒரே எண் இருமுறை வந்தால் புறக்கணிப்பது இதற்கான தீர்வு. இது மறுதொடக்க அமைப்பின் வேலையன்று. சேவையை எழுதுபவரின் வேலை.

சிறு நிறுவனங்களுக்கான நடைமுறை

தனிக் கணினித் துறை இல்லாத பள்ளி, கூட்டுறவுச் சங்கம், கடை ஆகியவற்றுக்கு விலை கொடுத்து வாங்கும் கருவிகள் தேவையில்லை. இயங்குதளத்தில் உள்ளவையே போதும். எந்தெந்தச் சேவைகள் நின்றால் வேலை நிற்கும் என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அவற்றுக்கு மட்டும் ‘ஆன்-ஃபெயிலியர்’ விதி, சில நொடிக் காத்திருப்பு, அதற்கேற்ற வரம்பு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். வரம்பைத் தாண்டினால் மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ போகும்படி தோல்விக்கான துணைச் சேவையை இணைக்க வேண்டும். அந்தச் செய்தி, நின்றுபோன அதே வழங்கியை நம்பி இருக்கக் கூடாது. வழங்கி முழுவதும் அணைந்தால் செய்தி அனுப்ப ஆளிருக்காது என்பதால், வெளியிலுள்ள வேறொரு கணினியிலிருந்தும் ஒரு சோதனை வைப்பது நல்லது.

பின்னர் அமைப்பைச் சோதிக்க வேண்டும். வேலை இல்லாத ஒரு மாலையில், காப்புப்படி எடுத்தபின், சேவையை வேண்டுமென்றே கொன்று பார்த்து, எத்தனை நொடியில் எழுகிறது, செய்தி வருகிறதா என்று குறித்துக்கொள்ளலாம். சோதிக்கப்படாத காவல் இருக்கிறதா இல்லையா என்பது பழுது வரும் நாளில்தான் தெரியும்.

கடைசியாக, வாரம் ஒரு முறை மறுதொடக்கங்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். சிஸ்டம்டி ஒவ்வொரு சேவைக்கும் இந்த எண்ணிக்கையை வைத்திருக்கிறது. ஏன் விழுந்தது என்பதற்கான வரிகள் அதன் பதிவேட்டில் இருக்கும். எண்ணிக்கை சுழியமாக இருந்தால் மகிழ்ச்சி. ஒன்றிரண்டு என்றால் காரணத்தைப் படித்துக் குறித்து வைக்கலாம். வாரா வாரம் கூடிக்கொண்டே போனால், மறுதொடக்கத்தை நம்பியிராமல் காரணத்தைச் சரிசெய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.